போர், அமைதி பத்தின ஜப்பானிய வார்த்தைகள்: லிஸ்ட்டா மனப்பாடம் பண்ணாதீங்க, ஜோடியா கத்துக்கோங்க

ஜப்பானிய மொழில என்3 லெவல் (ஜப்பானிய மொழித் தேர்வுல நடு நிலை, என்1தான் உச்சம்) வரைக்கும் வந்துட்டீங்க, அனிமே ஓரளவு புரியுது, கடையில சாமான் கேட்டு வாங்க முடியுது, ஆனா ஆகஸ்ட் மாசம் ஜப்பான் டிவிய போட்டா ஒரு வாக்கியம் கூட முழுசா பிடிபடலையா? அப்போ இது உங்களுக்குத்தான். ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி, 15 போர் முடிஞ்ச நாள்னு அந்த மாசம் முழுக்க செய்தி, உரை, டாக்குமெண்டரி எல்லாம் ஒரு தனி மொழில ஓடும், அதுல வர்ற வார்த்தைங்க பேச்சுல கிடைக்காது, அதுக்குன்னு உக்காந்து படிச்சாதான் வரும்.

நானும் முதல்ல நூத்தம்பது வார்த்தைய ஆங்கிங்கிற மனப்பாட ஆப்புல கார்டா போட்டு தினமும் தட்டிக்கிட்டு இருந்தேன். அர்த்தம் தெரிஞ்சுது, ஆனா எதை எங்க சொல்லணும்னு தெரியல. அப்புறம்தான் ஒரு விஷயம் புரிஞ்சுது. இந்தத் துறையில ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்துலயும் "சொல்லாம விட்ட இன்னொரு வார்த்தை" ஒண்ணு நிக்குது, ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாதான் எதுக்கு இதைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு விளங்கும். அதனால இந்த வழிகாட்டி பூரா ஜோடி ஜோடியாத்தான் போகும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இங்க ஜப்பானிய வார்த்தைங்கள தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன், ஆனா நம்ம எழுத்துல அந்த ஒலி அப்படியே வராது. 'புரியோக்கு'ல வர்ற பு 'புத்தர்'ல வர்ற மாதிரி மெல்லிசா வரணும், 'க்க', 'த்த'னு நடுவுல போட்டிருக்கிறது ஒலி மெல்லிசா ஆயிடக் கூடாதுன்னுதான், பல இடத்துல அதை இரட்டிச்சு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு வார்த்தையையும் அகராதில தேடி ஹிரகானாவுல, அதாவது ஜப்பானியரோட ஒலி எழுத்துல, ஒரு தடவை எழுதிப் பாத்துக்கோங்க. நெடில் மட்டும் நமக்கு வரம், ஒ-ஓ வித்தியாசம் நமக்கு பிறவியிலயே காதுல இருக்கு, ஜப்பானிய மொழில அது ரொம்ப முக்கியம்.

படி 1: ரெண்டு அடுக்கையும் பிரிச்சுப் பாருங்க

தமிழ்ல போர், சண்டைன்னும் சொல்றோம், யுத்தம்னும் சொல்றோம். அமைதின்னும் சொல்றோம், சமாதானம், சாந்தின்னும் சொல்றோம். ரெண்டு அடுக்கு இருக்குன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், காதே சொல்லிடும். ஜப்பானிய மொழிலயும் அதே கதைதான், அங்க அவங்க சொந்தச் சொல் ஒரு அடுக்கு, சீனத்துல இருந்து வந்த சொல் இன்னொரு அடுக்கு. தத்தக்காய் (சண்டை), அரஸோய் (தகராறு), இக்குஸா (போர்) இதெல்லாம் சொந்தச் சொல், கதையிலயும் பாட்டுலயும் வீட்டுலயும் வரும். ஸென்ஸோ (போர்), ஃபுன்ஸோ (தகராறு), ஸெந்தோ (சண்டை) இதெல்லாம் சீன வழிச் சொல், சட்டம், செய்தி, நாடாளுமன்றம் எல்லாம் இதுலதான். ஃபார்மல் ஜப்பானியம்னா முக்கால்வாசி இந்த ரெண்டாவது அடுக்குதான்.

அதனால புதுசா ஒரு வார்த்தை வந்தா முதல் கேள்வி, இது எந்த அடுக்கு? உதாரணத்துக்கு ஒப்பந்தம் போடறதுக்கு ஜோயாக்கு வோ முஸுபுனு சொன்னா பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவுல நிக்கும். ஜோயாக்கு வோ தெய்கெட்ஸு ஸுருனு சொன்னா அது முழு அரசாங்க நடை. முஸுபுன்னா முடிச்சு போடறது, தெய்கெட்ஸுல இருக்கிற 'கெட்ஸு'வும் அதே காஞ்சி (சீனத்துல இருந்து வந்த எழுத்து) எழுத்துதான், படிக்கிற விதம்தான் வேற.

படி 2: அஞ்சாறு எழுத்தை வேரோட பிடிங்க

ஸென்ஸோங்கிறது ரெண்டு எழுத்து. ஸென்னா சண்டை போடறது, ஸோன்னா போட்டி போடறது, தகராறு பண்றது. இந்த 'ஸென்' ஒண்ணைப் பிடிச்சா கொத்தா வரும். கைஸென் போர் தொடங்கறது, தெய்ஸென் சண்டைய நிறுத்தறது, நாய்ஸென் உள்நாட்டுப் போர், ரெய்ஸென் பனிப்போர், ஹான்ஸென் போர் எதிர்ப்பு, ஸென்ஜோ போர்க்களம், ஸெங்கோ போருக்குப் பின். ஸெங்கோங்கிற வார்த்தைய தனியா மனசுல வச்சுக்கோங்க, ஜப்பான்ல வேற விவரம் இல்லாம ஸெங்கோன்னா அது 1945-க்குப் பின்னாடிதான், 2025-ஐ ஸெங்கோ எண்பதாவது வருஷம்னுதான் ஊரே சொல்லுச்சு.

ஹெய்வா, அமைதி. ஹெய்னா சமதளம், மேடு பள்ளம் இல்லாதது, வான்னா இசைவு. இதை ஞாபகம் வச்சுக்க சுலபமான வழி இருக்கு, ஜப்பானோட சகாப்தப் பேருங்கள பாருங்க, ஹெய்ஸெய்ல அதே ஹெய், ரெய்வால அதே வா, போர் நடந்த ஷோவாலயும் அதே வாதான். ஆனா படைவீரன்னு அர்த்தம் வர்ற இன்னொரு எழுத்தும் ஹெய்தான்! ஹெய்கின்னு காதுல விழுந்தா அது ஆயுதமாவும் இருக்கலாம், 'எனக்கு ஒண்ணும் இல்ல, பரவாயில்ல'ங்கிற ஹெய்கியாவும் இருக்கலாம். அதே மாதிரி சரணடையறது கோஃபுக்கு, சந்தோஷமும் கோஃபுக்கு. எழுத்தைப் பார்க்காம இந்தத் துறையில ஒரு அடி கூட வைக்க முடியாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

'பு'ங்கிற எழுத்து, புரியோக்கு, அதாவது ஆயுத பலம்ங்கிறதுல வர்றது, அதுக்குள்ள நிறுத்துங்கிற பகுதியும் ஈட்டி மாதிரி ஒரு ஆயுதத்தோட பகுதியும் இருக்கு. ஈட்டிய நிறுத்தறதுதான் வீரம்னு பழைய சீன நூல் காலத்துல இருந்தே ஒரு விளக்கம் உண்டு. ஆனா அந்த 'நிறுத்து' பகுதி ஆதில கால் தடத்தோட படம், ஆயுதத்தோட நடந்து போறதைக் காட்டுதுன்னு எழுத்து ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. ரெண்டுமே தெரிஞ்சு வச்சுக்கோங்க, முதல் விளக்கம் மறக்காம இருக்க உதவும், ரெண்டாவது உண்மைக்குக் கிட்ட.

படி 3: ஜோடிங்க (இங்கதான் நேரம் செலவு பண்ணணும்)

ஒரு நோட்டுல நடுவுல கோடு போட்டுக்கோங்க, இடது பக்கம் ஒரு வார்த்தை, வலது பக்கம் அதுக்கு எதிர்ல நிக்கிற வார்த்தை.

ஷூஸென், ஹாய்ஸென். ஷூஸென்னா போர் முடிவு, ஹாய்ஸென்னா போர்ல தோல்வி. ரெண்டும் அதே 1945 ஆகஸ்ட்தான். அரசாங்கமும் பொதுமக்களும் பெரும்பாலும் ஷூஸென்னு சொல்லுவாங்க, 'முடிஞ்சுது'ன்னு சொன்னா போதும், யார் தோத்தாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல. ஹாய்ஸென்னு எழுதறவங்க தோல்விய தோல்வின்னே சொல்லணும்ங்கிற நிலைப்பாட்டோட எழுதறவங்களா இருப்பாங்க. ஒரு கட்டுரையில இந்த ரெண்டுல எது வருதுன்னு முதல் பத்தியிலயே பாருங்க, எழுதினவர் எங்க நிக்கிறார்னு ஒரு குறிப்பு கிடைக்கும்.

ஷின்ச்சூகுன், ஸென்ரியோகுன். போருக்கப்புறம் ஜப்பானுக்குள்ள வந்த நேச நாட்டுப் படைய அன்னிக்கு ஜனங்க ஷின்ச்சூகுன்னு சொன்னாங்க, 'முன்னேறி வந்து தங்கியிருக்கிற படை'. ஸென்ரியோகுன்னா ஆக்கிரமிப்புப் படை. இங்க வர்ற ஸென் போர் ஸென் இல்ல, வேற எழுத்து, குழம்பிடாதீங்க.

தென்ஷின், தெத்தாய். 1943 பிப்ரவரில குவாடல்கனால் தீவுல இருந்து ஜப்பான் படை பின்வாங்கினப்போ ராணுவத் தலைமை வெளியிட்ட அறிவிப்புல பின்வாங்கல்ங்கிற தெத்தாய் வரல, தென்ஷின்னு வந்துச்சு, 'திசை மாறி முன்னேறுதல்'. அதே வருஷம் மே மாசம் அட்டு தீவுல காவல் படை கிட்டத்தட்ட முழுசா அழிஞ்சப்போ ஸென்மெட்ஸு, அதாவது முழு அழிவுன்னு சொல்லாம கியோக்குஸாய்னு சொன்னாங்க, 'மாணிக்கம் மாதிரி உடைஞ்சு சிதறுதல்'. இந்த ரெண்டு வார்த்தையும் இன்னிக்கு வரலாறு பேசும்போது வரும். நீங்களா ஒரு போரைப் பத்தி எழுதும்போது கியோக்குஸாய்னு சும்மா எடுத்துப் போட்டுடாதீங்க, செத்தவங்க மேல வலுக்கட்டாயமா பூசின அழகு அது, மேற்கோள் குறிக்குள்ள வைக்கணும்.

ஷின்ரியாக்கு, ஷின்கோ, ஷின்ஷுட்ஸு. இது ஜோடி இல்ல, மூணு. ஷின்ரியாக்குன்னா ஆக்கிரமிப்பு, தப்புங்கிற தீர்ப்பு அதுக்குள்ளயே இருக்கு. ஷின்கோன்னா படையெடுத்து உள்ள நுழையறது, நடந்ததைச் சொல்லுது. ஷின்ஷுட்ஸுன்னா வெறுமனே முன்னேறிப் போறது, ஒரு கம்பெனி புது ஊர்ல கிளை திறந்தாலும் இதே வார்த்தைதான். 1982-ல பள்ளிப் பாடப்புத்தகத்துல சீனாவுல ஜப்பான் செஞ்சதை ஷின்ரியாக்குக்குப் பதிலா ஷின்ஷுட்ஸுனு மாத்த வச்சாங்கன்னு செய்தி வந்து சீனாவும் தென் கொரியாவும் கடுமையா எதிர்ப்பு தெரிவிச்சு பெரிய ராஜதந்திரப் பிரச்சினையே ஆயிடுச்சு. 2022-ல உக்ரைன் விஷயத்துல பாருங்க, செய்தில அதிகமா ஷின்கோனு வந்துச்சு, ஜப்பான் அரசு ஷின்ரியாக்குனு சொல்ல ஆரம்பிச்சுது. நம்ம புறத்திணை இலக்கணம் படிச்சவங்களுக்கு இது புதுசா இருக்காது, மண்ணாசையில படையெடுத்தா வஞ்சி, கோட்டைய வளைச்சா உழிஞை, உள்ள இருந்து காத்தா நொச்சின்னு எந்தப் பக்கம் நின்னு பாக்கறோம்ங்கிறதை வச்சே பேரு வைக்கிற பழக்கம் நமக்கும் உண்டு.

தெய்ஸென், க்யூஸென், கோவா. செய்தி கேக்கறவங்க இதை அடிக்கடி குழப்பிக்கிறாங்க. தெய்ஸென் சண்டைய நிறுத்தறது, சில மணி நேரத்துக்குக் கூட இருக்கலாம். க்யூஸென் ஒப்பந்தம் போட்டு ஓய்வு, ஆனா போர் சட்டப்படி முடியல, 1953 ஜூலை 27-ல கொரியாவுல கையெழுத்தானது க்யூஸென் க்யோத்தெய்தான். கோவான்னா முறைப்படி சமாதானம் பண்ணிக்கிறது. ஜப்பானுக்கு அது 1951 செப்டம்பர் 8 சான் பிரான்சிஸ்கோவுல கையெழுத்தாகி 1952 ஏப்ரல் 28-ல அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஜப்பானுக்குள்ளயே ஜென்மென் கோவாவா, தாந்தோக்கு கோவாவா, அதாவது எல்லா நாட்டோடயும் சேர்த்தா இல்ல ஒரு தரப்போட மட்டுமான்னு பெரிய விவாதம் நடந்துச்சு. இந்தியா அந்த மாநாட்டுக்குப் போகல, 1952 ஜூன்ல தனியா நிச்சி-இன் ஹெய்வா ஜோயாக்கு, ஜப்பான்-இந்தியா அமைதி ஒப்பந்தம், போட்டுக்கிச்சு. இலங்கை சார்பா போன ஜெயவர்தன, பகை பகையால தணியாதுங்கிற புத்தர் வாக்கைச் சொல்லி ஜப்பான் கிட்ட இழப்பீடு கேக்க மாட்டோம்னு பேசினார், காமகுராவுல பெரிய புத்தர் சிலை இருக்கிற கோயில் வளாகத்துல அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கு.

கினென், கினென். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜோடி. ஒலி ஒண்ணு, எழுத்து வேற. ஒண்ணு நினைவா வைக்கிறது, இன்னொண்ணு மனசார வேண்டறது. ஹிரோஷிமாவுல இருக்கிற ஹெய்வா கினென் கோயென், அமைதி நினைவுப் பூங்கா, 'நினைவு' கினென். 1955-ல நாகசாகியில வச்ச பெரிய சிலை, ஹெய்வா கினென்-ஸோ, அது 'வேண்டுதல்' கினென். ஓகினாவாவுல மாபுனியில இருக்கிற பூங்காவும் 'வேண்டுதல்' கினென்தான். போட்டோவுல பெயர்ப்பலகைய பெருசாக்கிப் பாருங்க, ஒரு தடவை கண்ணால பாத்துட்டா அப்புறம் மறக்காது.

ஹிபாக்கு, ஹிபாக்கு. இதுவும் அப்படித்தான். குண்டு வீச்சுக்கு ஆளாகறது ஒரு எழுத்து, அதுல நெருப்புப் பகுதி இருக்கு. கதிர்வீச்சு மட்டும் படறது இன்னொரு எழுத்து, அதுல சூரியன் பகுதி இருக்கு, ஆனா அது பொதுப் பயன்பாட்டுக் காஞ்சி பட்டியல்ல இல்லாததால பேப்பர்ல பாதிய ஹிரகானாவுலயே எழுதுவாங்க. ஃபுகுஷிமா அணு உலை விபத்து செய்தில வந்தது இந்த ரெண்டாவது ஹிபாக்கு. ஹிரோஷிமா, நாகசாகில பாதிக்கப்பட்டவங்களச் சொல்ற ஹிபாக்குஷா முதல் எழுத்து. 2024-ல அமைதி நோபல் வாங்கின அவங்களோட அமைப்பு நிஹோன் ஹிதான்க்யோ, 1956-ல தொடங்கினது, அந்தப் பேரே ஒரு நீளமான பேரோட சுருக்கம், நிஹோன் கென்ஸுய்பாக்கு ஹிகாய்ஷா தான்தாய் க்யோகிகாய். இதை உடைச்சு உடைச்சு படிச்சீங்கன்னா அணுகுண்டு-ஹைட்ரஜன் குண்டு, பாதிக்கப்பட்டவர், அமைப்பு, ஆலோசனைக் குழுன்னு நாலு ஃபார்மல் வார்த்தை ஒரே மூச்சுல கிடைக்கும்.

ராணுவம்ங்கிற குன், ஜப்பானோட இப்போதைய படைக்குப் பேருல கிடையாது. 1954-ல உருவானது ஜியெய்தாய், தற்காப்புப் படை. காலாட்படைக்கு ஹோஹெய்னு பழைய பேரு இருக்கு, ஆனா அங்க ஃபுட்ஸூகா, 'பொதுப் பிரிவு'ம்பாங்க. போர்க்கப்பல் இல்ல, கோயெய்கான், பாதுகாப்புத் துணைக் கப்பல்.

படி 4: அரசியலமைப்பு 9-ம் பிரிவை மனப்பாடம் பண்ணுங்க

கார்டு தட்டறதை விட இது நூறு மடங்கு பலன் தரும். 1946 நவம்பர் 3-ல வெளியிட்டு 1947 மே 3-ல அமலுக்கு வந்த அரசியலமைப்புல க்யூ-ஜோ, ஒன்பதாவது பிரிவு. முதல் பத்தி இப்படி வரும்:

நிஹோன் கொக்குமின் வா, ஸெய்கி தோ ச்சிட்ஸுஜோ வோ கிச்சோ தோ ஸுரு கொக்குஸாய் ஹெய்வா வோ ஸெய்ஜிட்ஸு நி கிக்யூ ஷி, கொக்கென் நோ ஹாட்ஸுதோ தாரு ஸென்ஸோ தோ, புரியோக்கு நி யோரு இக்காக்கு மாத்தாவா புரியோக்கு நோ கோஷி வா, கொக்குஸாய் ஃபுன்ஸோ வோ கைகெட்ஸு ஸுரு ஷுதான் தோ ஷித்தே வா, எய்க்யூ நி கொரே வோ ஹோகி ஸுரு.

பயப்படாதீங்க, தமிழ் வாக்கியம் மாதிரியே வினை கடைசியில வர்ற மொழி இது, நமக்கு இடமிருந்து வலமா அப்படியே ஓடும். 'நீதியையும் ஒழுங்கையும் அடிப்படையாகக் கொண்ட சர்வதேச அமைதியை ஜப்பானிய மக்கள் நேர்மையாக நாடி, அரசுரிமையின் வெளிப்பாடான போரையும், ஆயுத பலத்தால் அச்சுறுத்துவதையும் ஆயுத பலத்தைப் பயன்படுத்துவதையும், சர்வதேசத் தகராறுகளைத் தீர்க்கும் வழியாக, என்றென்றும் கைவிடுகிறார்கள்.' இதுல தாருன்னு ஒரு பழைய இலக்கண உருபு இருக்கு பாருங்க, ஹாட்ஸுதோ தாரு ஸென்ஸோ, அது நம்ம 'வெளிப்பாடான போர்'ல வர்ற 'ஆன'தான், அச்சு அசல். கொரே வோங்கிறது முன்னாடி சொன்னதையெல்லாம் திரும்பச் சுட்டறது, நம்ம சட்டத் தமிழ்ல 'ஆகியவற்றை'ன்னு சேர்த்துப் பிடிக்கிற மாதிரி. ஷுதான் தோ ஷித்தே வா, 'வழியாக'ங்கிற இந்தத் துண்டை வட்டம் போட்டு வைங்க, தற்காப்புக்காகச் சண்டை போடலாமாங்கிற வாதத்துல பெரும் பகுதி இதைச் சுத்தியும், ரெண்டாவது பத்தி ஆரம்பத்துல 1946-ல ஆஷிதா ஹிதோஷி தலைமையிலான குழு சேர்த்த 'மேற்சொன்ன நோக்கத்தை அடைய'ங்கிற வரியைச் சுத்தியும்தான் நடக்குது.

ரெண்டாவது பத்தியில மூணு வார்த்தை போதும்: ஸென்ரியோக்கு (போரிடும் திறன்), ஹோஜி (வச்சிருக்கிறது), கோஸென்கென் (போரிடும் உரிமை). மொத்தப் பிரிவையும் தினம் ஒரு தடவை சத்தமா படிங்க, மூணு வாரத்துல நாக்குல உக்காந்துடும், அதுக்கப்புறம் ஜப்பான் நாடாளுமன்ற விவாதத்தைக் கேட்டா பழகின வார்த்தையா வந்து விழும்.

படி 5: படிக்கிற வரிசை

நேரா பெரிய உரைக்குப் போகாதீங்க. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா விழாவுல ஆறாம் வகுப்புப் பசங்க ரெண்டு பேர் ஹெய்வா எ நோ ச்சிகாய், அமைதிக்கான உறுதிமொழி வாசிப்பாங்க, அதுல இருந்து ஆரம்பிங்க. சுலபமான மொழி, ஆனா ஹெய்வா வோ கிஸுக்கு, அமைதியைக் கட்டி எழுப்பறதுங்கிற மாதிரி முக்கியமான சேர்க்கை எல்லாம் இந்த மாதிரி உரையிலதான் கிடைக்கும். அடுத்து அதே விழாவுல மேயர் வாசிக்கிற ஹெய்வா ஸெங்கென், அமைதிப் பிரகடனம், 1947-ல தொடங்கின வழக்கம். ஒரே விழா, ஒரே விஷயம், ரெண்டு மொழி நடை, பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. காலை 8.15-க்கு மொக்குத்தோன்னு ஒரு வார்த்தை சொல்லி மணி அடிப்பாங்க, மௌன அஞ்சலி.

மூணாவதா 1995 ஆகஸ்ட் 15-ல அப்போதைய பிரதமர் முராயாமா வெளியிட்ட அறிக்கை. மன்னிப்பு மொழி முழுக்க அதுல இருக்கு: ஷொக்குமின்ச்சி ஷிஹாய் தோ ஷின்ரியாக்கு, காலனி ஆட்சியும் ஆக்கிரமிப்பும். ட்ஸூஸெட்ஸு நா ஹான்ஸெய், ஆழமான சுயபரிசோதனை. கொக்கோரோ காரா நோ ஓவாபி, மனசார மன்னிப்பு. இதுக்குப் பக்கத்துல இக்கான்ங்கிற வார்த்தைய வச்சுப் பாருங்க, 'வருந்தத்தக்கது'ன்னு அரசாங்கங்க சொல்றது, தப்பை ஏத்துக்காமலே வருத்தப்பட உதவற வார்த்தை.

கடைசியா 1945 ஆகஸ்ட் 15 நண்பகல் வானொலில வந்த பேரரசர் உரை, கியோக்குஓன் ஹோஸோ. செவ்வியல் நடை, கேட்ட ஜனங்கள்லயே பல பேருக்கு அன்னிக்கு முழுசா புரியல. அதுல கோஃபுக்குங்கிற வார்த்தையே கிடையாது, 'கூட்டுப் பிரகடனத்தை ஏத்துக்கிறோம்'னு க்யோதோ ஸெங்கென், ஜுதாக்குனுதான் வரும். தாங்க முடியாததைத் தாங்கின்னு வர்ற வரி எல்லாருக்கும் தெரியும், நீங்க தேட வேண்டியது ஸென்க்யோக்குங்கிற வார்த்தை இருக்கிற வரி, போர் நிலவரம் 'நமக்குச் சாதகமாத்தான் திரும்பிச்சுன்னு சொல்ல முடியாது'ன்னு எவ்வளவு சுத்தி வளைச்சு சொல்லியிருக்காங்கன்னு பாருங்க. இதுக்கு என்1 அளவு வந்தப்புறம் போங்க, அவசரம் வேண்டாம்.

படி 6: நீங்க பேசும்போது

செத்தவங்களப் பத்திப் பேசும்போது ஷிந்தானு சொல்லிடாதீங்க, நாக்குநாத்தா. ஃபார்மல் இடத்துல கிஸெய் நி நாராரெத்தா காத்தாகாத்தா, 'உயிரிழந்த பெருமக்கள்'ங்கிற மரியாதையோட. போர்ல செத்தவங்களுக்கு ஸெம்போட்ஸுஷா, அஞ்சலி செலுத்தறது ட்ஸுய்தோ. வயசான ஹிபாக்குஷா ஒருத்தர் பேச உக்காந்தா நாம படிச்ச பெரிய வார்த்தைய எல்லாம் காட்ட வேண்டிய இடம் அது இல்ல, அவங்க பெரும்பாலும் சொந்தச் சொல்லுல, முதல் அடுக்குலதான் பேசுவாங்க, 'சூடா இருந்துச்சு, தண்ணி கேட்டாங்க'ன்னு. அதைக் கேக்கறதுக்கும் இந்தப் படிப்பு வேணும், எந்த இடத்துல பெரிய வார்த்தை வரலைங்கிறது தெரியறதுக்கு.

கடைசிப் பயிற்சி ஒண்ணு தரேன். 1952-ல திறந்த ஹிரோஷிமா நினைவுக் கல்லுல இருக்கிற வாசகம்: யாஸுராக்கா நி நெமுத்தே குதாஸாய், அயமாச்சி வா குரிகாயெஷிமாஸெனு காரா. அமைதியா உறங்குங்க, தவறு திரும்ப செய்யப்படாது. ஜப்பானிய வாக்கியத்துல யார்ங்கிறது இல்ல, எழுவாய் இல்லாமலே முழுசா நிக்குது. யார் செஞ்ச தவறு, யார் திரும்பச் செய்ய மாட்டாங்கன்னு அதே வருஷம் ஹிரோஷிமாவுக்கு வந்த இந்திய நீதிபதி ராதாபினோத் பால் கேட்டார், குண்டு போட்டது ஜப்பானியர் இல்லையேன்னு. வாசகத்தை எழுதின பேராசிரியர் ஸாய்கா ததயோஷி அதுக்கு மறுப்பு தெரிவிச்சு எழுதினார். இப்போ இதை நீங்க தமிழ்ல எழுதிப் பாருங்க. 'செய்ய மாட்டோம்'னு எழுதினா யாரோ ஒரு 'நாம' வந்துடுது, அது நாமா நாங்களான்னு வேற அடுத்த கேள்வி. 'நடக்காது'ன்னு எழுதினா பொறுப்பே இல்லாம போயிடுது, நான் மேல போட்ட 'செய்யப்படாது'ம் அதே கதிதான். நோட்டுல ஒரு பக்கம் விட்டு வைங்க, ஒவ்வொரு ஆகஸ்ட்டும் அந்த ஒரு வரிய திரும்ப மொழிபெயர்த்து தேதி போட்டு வைங்க. என் நோட்டுல இதுவரைக்கும் நாலு இருக்கு, நாலும் வேற வேற.